மூன்றாம் தெருவில் பந்தல்

ஜனவரி 6

காலை எட்டிலிருந்து ஒன்பது வரை நானூற்றுப் பன்னிரண்டு வண்டிகள். மாடியில் நின்று எண்ணினேன்.

எங்கள் வாசலில் இருக்கும் விளக்குக் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் முப்பது மீட்டர். நேற்று டேப் வைத்து அளந்தேன். அந்தத் தூரத்தை இரண்டரை நொடிக்குள் கடந்தால் வேகம் நாற்பதுக்கு மேல். பத்தில் ஏழு வண்டிகள் அப்படித்தான் போயின. நிதானமாக வந்தவை இரண்டு: குப்பை வண்டி, ஓர் எருமை.

அருணாசலம் நகர் மூன்றாம் தெரு. ஒரு முனையில் பைபாஸ். மறுமுனையில் பேருந்து நிலையச் சாலை. சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத எல்லோருக்கும் நாங்கள் குறுக்கு வழி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கே இரண்டு வேகத்தடைகள் இருந்தன. எடுத்துவிட்டார்கள். போன மார்ச் பதினான்காம் தேதி, எங்கள் வாசலுக்கு நேரே, ஒரு மினி வேன் தம்பியை அடித்தது. பரிதிக்கு இருபத்து மூன்று வயது.

அந்த இரண்டு வேகத்தடைகளும் திரும்ப வர வேண்டும். இந்த நோட்டு அதற்காக மட்டுமே.

மாலையில் மாவு அரைத்தேன். கிரைண்டர் ஓடும்போது தெருச் சத்தம் கேட்பதில்லை.

ஜனவரி 7

பரிதியின் பைக் பத்து மாதமாக வாசலில் உறை போட்டு நிற்கிறது. உறைக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. மூன்று. அப்பாவிடம் சொன்னேன். "இருக்கட்டும்" என்றார்.

ஜனவரி 9

அப்பாவை ஆட்டோவில் பிசியோதெரபிக்கு அழைத்துப்போனேன். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்து இரண்டரை ஆண்டு ஆகிறது. முன்பு தெருமுனை தாண்டுவதற்குள் இரண்டு முறை கத்துவார். இப்போது ஆட்டோ குலுங்குவதில்லை. அப்பா முன்னே பார்த்துக்கொண்டு வருகிறார்.

ஜனவரி 11

நலச்சங்கக் கூட்டம். செயலாளர் ஜெபமாலை சார் வீட்டு கார் நிறுத்தும் இடத்தில். பதினாறு பேர், ஒரு தட்டு முறுக்கு.

"தெரு நாப்பதடி. ரெண்டு பக்கமும் காரை நிறுத்திட்டா மிச்சம் இருபதடி. நெரிசலுக்கு அதான் காரணம்" என்றார் ஜெபமாலை சார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுந்து நின்றுதான் சொல்வார். "இனிமே ரெண்டு பக்கமும் நோ பார்க்கிங். ஆபீஸ்ல பேசியாச்சு. அடுத்த வாரம் போர்டு வெக்கிறாங்க."

கை தட்டினார்கள்.

"காரை எடுத்தா தெரு அகலமாகும் சார்" என்றேன். "அகலமானா இன்னும் வேகமா வருவான். இப்ப கொஞ்சமாவது பிரேக்ல கால் வெக்கிறான்னா, நிக்கிற காரைப் பாத்துத்தான்."

"பாப்பா, நீ தமிழ் இலக்கியம்தானே படிச்சே?" என்றார் ஒன்பதாம் எண் வீட்டு ராஜ்மோகன். சிரிப்பு.

"ஆமா சார். படிச்சு முடிக்கக்கூட இல்ல. ஆனா எண்ணத் தெரியும்." நோட்டைக் காட்டினேன். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. "வேகத்தடை ரெண்டையும் திரும்பக் கேப்போம்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஜெபமாலை சார் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் முறுக்கைப் பார்த்தார்கள்.

வெளியே வரும்போது எதிர்வீட்டு ஷமீம் அக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

"அதை நீயா கேக்கணும், இளவேனில்? வேற யாராச்சும் கேக்கட்டுமேடி."

"நான் கேட்டா என்னக்கா?"

முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "ஒண்ணுமில்ல. போ, அப்பா தனியா இருப்பாரு."

ஜனவரி 20

போர்டு வைத்துவிட்டார்கள். கார்கள் எல்லாம் இரண்டாம் தெருவுக்குப் போய்விட்டன. தெரு நீளமாக, காலியாக, ஓடுதளம் போல் கிடக்கிறது. பத்தில் ஒன்பது வண்டிகள் நாற்பதுக்கு மேல். ஒரு பைக் ஒன்றரை நொடி. கூட்டல் கழித்தல் இல்லாமலே புரிகிறது.

நிற்கும் ஒரே வண்டி பரிதியின் பைக். ஜெபமாலை சார் வந்து கேட் கம்பியைத் தட்டினார்.

"அரங்கசாமி, ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான். வண்டிய உள்ள வெச்சுக்கப்பா."

"அது வண்டி இல்ல சார்" என்றார் அப்பா.

"பின்ன?"

"பூனை வீடு."

ஜெபமாலை சார் குனிந்து உறையைத் தூக்கிப் பார்த்தார். தாய்ப்பூனை சீறியது. போய்விட்டார்.

நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் யார் முதலில் உள்ளே போவது என்று தெரியாமல் நின்றோம்.

ஜனவரி 27

மாநகராட்சிக் கோட்ட அலுவலகம். உதவிப் பொறியாளர் சுகந்தி. என் வயதுதான் இருக்கும். மேஜைமேல் டிபன் பாக்ஸ், பக்கத்தில் ஹெல்மெட். நான் நோட்டை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். இதுவரை இதைப் படித்த ஒரே ஆள்.

"நல்லா எடுத்திருக்கீங்க. மனு எழுதிக் குடுங்க. பழைய ஃபைலைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"பழைய ஃபைல் எதுக்கு மேடம்?"

"ஏற்கெனவே இருந்ததுதானே? ஏன் எடுத்தாங்கன்னு பாக்கணும்ல."

வெளியே ஒரு கரும்புச் சாறு குடித்தேன். இனிப்பாக இருந்ததா என்று நினைவில்லை.

ஜனவரி 28

எட்டு முறை எழுதிக் கிழித்தேன். முன்பெல்லாம் ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். இந்தத் தெருவில் குடும்ப அட்டை முதல் குடிநீர் வரை யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

ஒன்பதாவது நான்கு வரி. கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 5

ராஜ்மோகன் பேத்திக்குக் காது குத்து. தெருவின் பாதியை மறித்துப் பந்தல். சிவப்பும் மஞ்சளுமாகத் துணி. ஒரு வேன்காரர் இறங்கி வந்து சண்டை போட்டார். "ரோட்டை உங்க தாத்தாவா வாங்கி வெச்சிருக்காரு?" ராஜ்மோகன் பதிலுக்கு வேட்டியை மடித்துக் கட்டினார். குழந்தை அழுதது. காது குத்தியதாலா சண்டையாலா, தெரியவில்லை.

பந்தல் போடும் வேலாயுதம் அண்ணன் கயிற்றை இழுத்துக் கட்டியபடி எங்கள் கேட்டில் சாய்ந்து நின்றார். தண்ணீர் கொடுத்தேன்.

"முப்பது வருசமா பாக்குறேன் தங்கச்சி. விசேஷப் பந்தல்னா ஒவ்வொருத்தனும் ஹாரன் அடிப்பான், சண்டைக்கு வருவான். துக்கப் பந்தலைப் பாத்தா மட்டும் ஒருத்தன் வாயைத் தொறக்க மாட்டான். எஞ்சினை அணைச்சிட்டு, எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவான். போலீசுகூட பர்மிஷன் கேக்காது."

செம்பைத் திருப்பிக் கொடுத்தார். சட்டென்று முகம் மாறியது. போன மார்ச்சில் எங்கள் வாசலில் பந்தல் போட்டது அவர்தான்.

பிப்ரவரி 6

அன்று ஒரு நாள் மட்டும் இந்தத் தெரு மெதுவாகப் போனது.

பிப்ரவரி 17

சுகந்தி ஃபைலை என் பக்கம் திருப்பி வைத்தார். டிபன் பாக்ஸைக் கழுவுவதற்கு எழுந்து போய்விட்டார். வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ஃபைலில் ஒரு மனு. இரண்டு ஆண்டுப் பழையது. மூன்றாம் தெருவின் இரண்டு வேகத்தடைகளையும் அகற்றக் கோருவது. ஆறு பத்தி. நல்ல கையெழுத்து. எழுதியவளுக்கு "மேலும்" என்ற சொல்லின் மீது தீராத காதல். ஐந்து இடத்தில் வருகிறது. "முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட முதியோர் மருத்துவமனை செல்லும் ஒவ்வொரு முறையும் இம்மேடுகள் அவர்களைத் தண்டிக்கின்றன" என்று ஒரு வாக்கியம். தண்டு, தண்டிக்கின்றன. அந்த ஓசைக்காக மகிழ்ந்திருப்பாள். நிச்சயம் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருப்பாள்.

கீழே நாற்பத்தோரு கையெழுத்து. சங்கத்தின் முத்திரை. ஓரத்தில் சிவப்பு மையில் யாரோ ஓர் அதிகாரி: "கோரிக்கை நியாயமானது. அகற்றலாம்."

சுகந்தி திரும்பி வந்தார். "இதை எடுக்கச் சொன்னதே உங்க தெருதாங்க. இப்ப நீங்க தனியா போடச் சொன்னா மேல என்ன கேப்பாங்க? சங்கத் தீர்மானம் வேணும்."

"சரி."

"எழுத்து ஒரே மாதிரி இருந்துச்சு. அதான் உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்."

"சரி மேடம்."

நடந்தே வந்தேன். ஜனவரி ஆறாம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். "எடுத்துவிட்டார்கள்" என்று இருக்கிறது.

பிப்ரவரி 18

வண்டி எண்ணவில்லை.

பிப்ரவரி 19

எண்ணவில்லை. தோசை தீய்ந்தது.

பிப்ரவரி 24

அப்பா சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் அந்தத் தண்ணீர் கேன். அன்று மாலை பரிதி எதிர்க்கடையிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்த கேன். அவன் விழுந்தான். கேன் உருண்டு வந்து எங்கள் கேட்டில் இடித்து நின்றது. உடையவில்லை. மூடிகூடத் திறக்கவில்லை. இத்தனை மாதமாக அதை நகர்த்தி நகர்த்தித் தரை துடைக்கிறோம்.

"ஃபைலைப் பாத்தியா?" என்றார் அப்பா.

"உங்களுக்கு எப்படி..."

"நீ ஒரு வாரமா எண்ணப் போகல."

"பாத்தேன்."

"முதல் கையெழுத்து யாருது?"

"உங்களுது."

"நாப்பத்தொண்ணு. அதுல உன் பேரு எங்கயும் இல்ல."

"எழுதினது நான்ப்பா."

"ஆட்டோவுல கத்துனது நான்." பூண்டுத் தோலைக் கையால் கூட்டி முறத்தில் போட்டார். "நான் கத்துனதை நீ எழுதினே. தெருவே கையெழுத்துப் போட்டுச்சு. ஜெபமாலை சீல் குத்துனாரு. இதுல உனக்கு மட்டும் என்ன பெரிய பங்கு? பங்கு பிரிச்சா எல்லாருக்கும் வரும். பேராசைப்படாத."

அழ வேண்டிய இடம். சிரித்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "போய் எண்ணு" என்றார்.

போய் எண்ணினேன். நானூற்று நாற்பது.

மார்ச் 2

ஜெபமாலை சார் வீடு. தீர்மானம் கேட்டேன்.

"ஒரு தடவை எடுங்கன்னு எழுதுறது, ஒரு தடவை போடுங்கன்னு எழுதுறது. நம்ம தெருவைப் பத்தி என்னம்மா நினைப்பாங்க? சங்கத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல?"

"தப்பா கேட்டோம்னு எழுதலாம் சார்."

"நாம தப்புன்னு நாமளே எழுதுறதா?"

"நான் எழுதுறேன். நீங்க சீல் மட்டும் வைங்க."

அவர் முத்திரை வைத்திருக்கும் மேஜை இழுப்பறையைப் பார்த்தார். மூடித்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு முறை தள்ளி மூடினார்.

"அந்தப் பையன் முகம் எனக்கும் ஞாபகம் இருக்கும்மா" என்றார். "அதனாலதான் சொல்றேன். விட்டுடு."

அதனால்தான் விட மாட்டேன்.

மார்ச் 8

வேலாயுதம் அண்ணன் கடை. நோட்டைப் பிரித்தார்.

"விசேஷமா, துக்கமா?"

"துக்கம்."

பேனாவை வைத்துவிட்டார். "அப்பாவா?"

"பரிதி."

"தங்கச்சி, அது போன வருஷம்..."

"அதே பந்தல், அதே எடம். பதினாலாம் தேதி காலையில ஏழு மணிக்கு."

"தெரு குறுக்கயா?"

"குறுக்க. ஒரு பைக் தள்ளிட்டுப் போற அளவு விடுங்க. ஆம்புலன்ஸ் வந்தா ஒரே இழுப்புல கயிறு அவுர்ற மாதிரி கட்டுங்க. நாற்காலி இருபது போதும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார். தலைகீழாகப் படித்தேன். *மூணாம் தெரு. துக்கம். நாற்காலி நாற்பது.*

"நான் இருபதுதானே சொன்னேன்?"

"ஆளு வரும்" என்றார்.

மார்ச் 14

ஏழு மணிக்குக் கம்பு நட்டார்கள். வெள்ளைத் துணி. பிளாஸ்டிக் நாற்காலிகள். பரிதியின் படத்தை ஸ்டூலில் வைத்து மாலை போட்டேன். அப்பா உள்ளேயிருந்து தண்ணீர் கேனைத் தூக்க முயன்றார். தூக்கக் கூடாது. காலால் உருட்டியே கொண்டுவந்து படத்துக்குக் கீழே நிறுத்தினார். முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஓராண்டில் அவர் கேட்டைத் தாண்டித் தெருவில் உட்கார்வது இதுதான் முதல் முறை.

எட்டு மணி. முதல் பைக் பைபாஸ் பக்கமிருந்து சீறிக்கொண்டு வந்தது. பந்தலைப் பார்த்தது. வேகம் குறைந்தது. நின்றது. எஞ்சின் அணைந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, தள்ளிக்கொண்டு போனான் ஒருவன். பின்னால் இன்னொருவன். பின்னால் பத்துப் பேர். கார்கள் தூரத்திலேயே திரும்பின. ஹாரன் இல்லை. நான்கு மாதிரிக் குருவிச் சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் குருவி இருப்பதே தெரியாது.

ஒரு லோடு ஆட்டோக்காரர் இறங்கினார். தன் வண்டிக் கண்ணாடியில் தொங்கிய பூச்சரத்தை எடுத்து வந்து படத்தின் மேல் போட்டார். அப்பாவின் கையைப் பிடித்தார். "சின்ன வயசு" என்றார். "ஆமாங்க" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. யாரும் தேதி கேட்கவில்லை.

பத்தரை மணிக்குப் போக்குவரத்து எஸ்.ஐ. வந்தார். அவரும் பைக்கைத் தூரத்திலேயே நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். சிறிது நேரம் படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு அப்பாவிடம் குனிந்து, தாழ்ந்த குரலில், எல்லோரும் எல்லாத் துக்க வீட்டிலும் கேட்பதைக் கேட்டார்.

"எப்பங்கய்யா எடுக்குறீங்க?"

"எடுத்து ஒரு வருஷமாச்சுங்க" என்றார் அப்பா.

எஸ்.ஐ. நிமிர்ந்தார். தொப்பியைப் போடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப இது என்னம்மா?" என்று என்னிடம் திரும்பினார். "ரோட்டை மறிச்சிருக்கீங்க. பர்மிஷன் இருக்கா?"

"சாவுக்கு யாரு சார் பர்மிஷன் வாங்குவா?"

"இது சாவு இல்லையேம்மா."

"வேற என்னங்க?" என்றார் அப்பா.

நாற்பது நாற்காலியில் முப்பது நிறைந்திருந்தது. எப்போது நிறைந்தது என்று நான் பார்க்கவில்லை. ஷமீம் அக்கா இருந்தார். ராஜ்மோகன் கடைசி வரிசையில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்திருந்தார். தாளைத் திருப்பவேயில்லை.

எஸ்.ஐ. தண்ணீர் கேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அஞ்சு மணிக்குப் பிரிச்சிடணும். இல்லன்னா நான் வேற மாதிரி வரணும். உங்க மேல கேஸ் எழுதித்தான் ஆகணும், அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"எழுதுங்க சார். பேரு இளவேனில், தகப்பனார் பேரு அரங்கசாமி."

எழுதினார். கையெழுத்துக் கேட்டார். போட்டேன். இந்தக் காகிதத்தில் என் பெயர் இருக்கிறது.

ஐந்து மணிக்குப் பிரித்தோம். ஐந்தேகாலுக்கு முதல் வேன். ஒன்றே முக்கால் நொடி.

மார்ச் 15

காலையில் கம்பு நடும் சத்தம். கனவு என்று நினைத்தேன்.

பதினான்காம் எண் வீடு. வெள்ளைத் துணி. ஸ்டூலில் ஜெபமாலை சார் மனைவி அருள்மேரி அம்மாவின் படம். இரண்டு மெழுகுவத்தி. சார் வெள்ளைச் சட்டையில், நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"நினைவு நாள்."

"அம்மா இறந்தது டிசம்பர்லதானே? ஆறு வருஷம் முன்னாடி, ஆஸ்பத்திரியில."

"அது உனக்குத் தெரியும். எஸ்.ஐ.க்குத் தெரியுமா?" மெழுகுவத்திக்குக் காற்று படாமல் கையை வைத்துக்கொண்டார். "அந்த மனுவுக்கு சீல் வெச்சவன்மா நான். சும்மா உள்ள உக்காந்திருக்க முடியல."

எஸ்.ஐ. வந்தார். பார்த்தார். போய்விட்டார்.

மார்ச் 16

ஷமீம் அக்கா, தன் அப்பாவுக்காக. "எங்க அத்தாவுக்குப் படமெல்லாம் வெக்க மாட்டோம். பந்தலும் நாற்காலியும் மட்டும் போடுறேன்." பைக்கைத் தள்ளிக்கொண்டு போனவர்களுக்கெல்லாம் நன்னாரி சர்பத் கொடுத்தார். சிலர் இரண்டாவது முறையும் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மார்ச் 18

ராஜ்மோகனுக்குச் சங்கடம். "எங்க வீட்டுல இன்னும் யாரும் போகலையேப்பா."

"டைகர் போச்சுல்ல?" என்றார் அப்பா.

காலை ஏழரை மணிக்கு ஒன்பதாம் எண் வாசலில் மாலை போட்ட நாயின் படம். தலைக்கு மேல் வெள்ளைத் துணி. ராஜ்மோகன் பக்கத்தில் கைகட்டி நின்றார். முதலில் நடிப்பாகத்தான் நின்றார். பத்து மணிக்கு மேல் நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

மார்ச் 20

சுகந்தி வந்தார். தெருமுனையிலிருந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு.

"இன்னும் எத்தனை நாளுங்க இப்படி?"

வேலாயுதம் அண்ணன் நோட்டைப் பிரித்தார். "இருபத்தாறு வீடு மேடம். லிஸ்ட் போட்டாச்சு. ஏப்ரல் பதினஞ்சு வரைக்கும் புக்கிங்."

"சங்கத் தீர்மானம் இல்லாம நான் ஒண்ணும்..."

ஜெபமாலை சார் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். நாற்பத்தோரு கையெழுத்து. முத்திரை. நேற்று நான் எழுதியது. இரண்டே வாக்கியம். *இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேகத்தடைகளை அகற்றக் கேட்டது எங்கள் தவறு. திருப்பிப் போடுங்கள்.* எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர்.

சுகந்தி படித்தார். "மேலும்" ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தாரோ என்னவோ. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இது அகலமான தெரு. இங்க மேடு எதுக்குன்னு ஆடிட்ல கேள்வி வரும்" என்றார், ஸ்கூட்டரைத் திருப்பியபடி. "வரட்டும். உங்க நோட்டையும் குடுங்க, சேத்து வெக்கிறேன்."

இந்தப் பக்கங்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு, எண்கள் இருந்த பக்கங்களைக் கொடுத்தேன்.

மார்ச் 27

தார் வண்டி வந்தது. இரண்டு மேடு. ஒன்று எங்கள் வாசலில். சூடு ஆறும்வரை தாய்ப்பூனை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது.

நோ பார்க்கிங் போர்டு இன்னும் நிற்கிறது. பைக்கும் நிற்கிறது. என் மேல் உள்ள கேஸும் நிற்கிறது. அடுத்த மாதம் ஆஜராக வேண்டும்.

மார்ச் 29

அப்பாவுக்குப் பிசியோதெரபி. ஆட்டோ கிளம்பி இருபதடி போவதற்குள் முதல் மேடு. எவ்வளவு மெதுவாக ஏறினாலும் இறங்கும்போது தூக்கித்தான் போட்டது. அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். இரண்டாவது மேட்டில் நகம் பதிந்தது.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பதறினார். "ஐயா, வரும்போது ரெண்டாம் தெரு வழியா வந்துடுறேன். அங்க மேடு கெடையாது."

அப்பா மூச்சு விட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். நெற்றியெல்லாம் வியர்வை.

"வேணாம்" என்றார். "இதே வழியா வாங்க."